நான்காவது கையெழுத்து

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தைச் சாமி முன்னால் வைத்து வெளியிடும் நாள். சிவகாசியில் எல்லா அச்சகத்திலும் இன்று பூஜை. முப்பத்தொரு வருடமாக பைண்டிங் பெண்களோடு கடைசி வரிசையில் நின்று சுண்டல் வாங்கியவள் நான். இன்று முதலாளி ஜெயவேல் என்னை முன்னால் கூப்பிட்டார். ஆல்பத்தை என் கையில் கொடுத்து, "இனிமே ராசகனியக்காதான் நமக்கு மேனேஜர்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். சொன்ன பிறகுதான் என்னிடம் "சரிதானக்கா?" என்று கேட்டார். முந்நூறு பேர் முன்னால் கேட்டால் என்ன சொல்வது?

பழைய மேனேஜர் சம்பந்தம் போன மாதம் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார். சீசன் தொடங்கும் நேரம். வேறு யாரும் கிடைக்கவில்லை, அதனால் நான். அது எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள்.

பூஜை முடிந்ததும் முதலாளி தனியாக வந்து, "கார்த்திகை ஒண்ணு வரைக்கும் பாத்துக்கோங்க. அதுக்குள்ள படிச்ச ஆளா ஒருத்தரத் தேடிருவேன்" என்றார். அதுவரை தாங்கிக்கொள்வேன். எண்ணிப் பார்த்தேன். நூற்றாறு நாள்.

ஆகஸ்ட் 5

இந்த டைரி கழிவில் வந்தது. அட்டையைத் தலைகீழாக ஒட்டிவிட்டார்கள். உள்ளே தாள் நன்றாகத்தான் இருக்கிறது.

ஐந்தாம் வகுப்போடு வேலைக்குப் போனவள் நான். மற்றதெல்லாம் கழிவுத் தாளில் படித்தது. இங்கிலீஷ் மாதம் பன்னிரண்டையும் காலண்டர் தாள் அடுக்கியே கற்றேன். யாரும் சொல்லித் தரவில்லை. தந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 9

மேனேஜருக்கென்று கண்ணாடி அறை ஒன்று இருக்கிறது. அங்கே ஏசி. எனக்கு முழங்கால் வலி என்பதால் நான் அங்கே உட்காருவதில்லை. பைண்டிங்கிலேயே ஒரு ஓரமாக நின்று வேலையைப் பார்க்கிறேன்.

முத்துப்பேச்சி என்னோடு சேர்ந்து வேலைக்கு வந்தவள். வாய் நீளம். "என்ன மேனேஜரம்மா, ஏசில வேர்க்குதா? இங்க வந்து நிக்கீக?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 14

சென்னையிலிருந்து ஒரு பெரிய கடைக்காரர் போன். "மேனேஜர் இருக்காரா?" என்றார். "அவுக வெளிய போயிருக்காக. நீங்க சொல்லுங்க, நான் சொல்லிருதேன்" என்றேன். அவர் சொன்னதை எழுதிக்கொண்டு, வேலையை முடித்துக் கொடுத்தேன். வேலை நடந்தால் போதாதா, யார் பேசினால் என்ன?

இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் தவசி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பிடும்போது புரையேறும் வரை சிரித்தார்.

"நீயே மேனேஜரு, நீயே இல்லைங்க. அந்த மேனேஜரு எப்ப வருவாராம்?"

இரண்டாம் தடவை குழம்பு ஊற்றவில்லை.

ஆகஸ்ட் 21

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மிஷினில் முதல் நல்ல தாள் வந்ததும் அதை எடுத்துப் பார்த்து மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பெயர் ஓகே தாள். அதை மிஷின் பக்கத்துச் சுவரில் மாட்டி, அதைப் பார்த்துத்தான் மீதியை ஓட்டுவார்கள். ஒரு கையெழுத்து போட்டால் அறுபதாயிரம் தாள் ஓடும்.

சம்பந்தம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துப் பீடி பற்ற வைப்பது போலக் கையெழுத்துப் போடுவார்.

இன்று புதிய ஒழுங்கு ஒன்று கொண்டு வந்தேன். ஓகே தாளில் முதலில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற பெனிட்டா கையெழுத்துப் போட வேண்டும். அடுத்து புரூப் பார்க்கிற வாத்தியார். அடுத்து மிஷின் ஃபோர்மேன் கொம்பையா. மூன்றும் இருந்தால்தான் நான் போடுவேன். பொறுப்பு எல்லோருக்கும் வர வேண்டும் அல்லவா?

கொம்பையா முணுமுணுத்தான். "மிஷின நிறுத்திட்டு மூணு பேரத் தேடிட்டு அலையணுமாக்கும்?"

"அலை" என்றேன்.

ஆகஸ்ட் 22

தவசியிடம் புதிய ஒழுங்கைச் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"நான் விசில் ஊதுறதுக்கு முன்னாடி மூணு பயணிகிட்ட 'ஊதவா, ஊதவா'ன்னு கேட்டிருந்தா பஸ்ஸு சாத்தூரத் தாண்டிருக்காது" என்றார்.

பஸ் வேறு, அச்சகம் வேறு.

செப்டம்பர் 2

எட்டு ஓகே தாள். எட்டிலும் நாலு கையெழுத்து. எல்லாம் சரியாக நடக்கிறது.

செப்டம்பர் 13

இரவு பகலாக ஓட்டம். மழை வந்து தாள் ஈரம் பிடித்துவிட்டது. ஒரு தாளோடு ஒன்று ஒட்டி மிஷினில் மாட்டியது. விசிறி போட்டுக் காய வைத்து ஓட்டச் சொன்னேன். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "இது எப்படிக்கா தெரியும்?" என்றார். முப்பத்தொரு வருடமாகத் தாளைத் தொடுகிறவளுக்கு ஈரம் தெரியாதா? இதைக் கேட்கவும் ஒரு முதலாளி.

புகழ்ந்தாரா, கேலி செய்தாரா என்று வீட்டுக்கு வரும்வரை யோசித்தேன்.

செப்டம்பர் 20

இன்னும் ஐம்பத்தெட்டு நாள்.

அக்டோபர் 6

அடுத்த வருடத்து நவம்பர் மாதத் தாள் ஓட்டினார்கள். ஒரு பெரிய தாளில் ஒரு மாதம் முழுக்க வரும். பிறகு அதை வெட்டி நாள் நாளாக்கி அடுக்கி, மேல் ஓரத்தில் தகடு அடித்தால் தினசரிக் காலண்டர்.

கொம்பையா தாளை என் முன்னால் விரித்தான். மூன்று கையெழுத்தும் இருந்தன. நான் மாதம் முழுக்க ஒருமுறை கண்ணை ஓட்டினேன். ஒன்பதாம் தேதி அமாவாசை. பன்னிரண்டாம் தேதியில் கந்த சஷ்டி சூரசம்ஹாரம். அமாவாசை கழிந்து மூன்றாம் நாளே சூரசம்ஹாரம் வருமா என்று ஒரு நினைப்பு வந்தது. திதி தேய்வதும் வளர்வதும் படித்தவர்கள் கணக்கு. வாத்தியார் எம்.ஏ. பெனிட்டாவும் பட்டம் வாங்கியவள். நான் ஏதாவது சொல்லி, அது தப்பாகப் போய், மிஷின் பக்கத்தில் நிற்கிற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தால்?

"போடுங்கக்கா, மிஷின் நிக்குது" என்றான் கொம்பையா.

போட்டேன்.

அக்டோபர் 20

தீபாவளி. முறுக்கு சரியாக வரவில்லை. மாவு பழையது, என் கை அல்ல.

அக்டோபர் 22

கந்த சஷ்டி விரதம் தொடங்கினேன். ஆறு நாளும் பாலும் பழமும்தான். பைண்டிங்கில் பதினேழு பேர் விரதம் இருக்கிறோம். கையில் காப்பு நூல் கட்டிக்கொண்டு முத்துப்பேச்சி, "நாங்க பட்டினி கிடந்தா சாமி பாப்பாரு. மேனேஜரு பட்டினி கிடந்தா மொதலாளி பாப்பாரு" என்றாள். விரத நாளில் பேசக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 24

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்தரை மணிக்குப் பெண்கள் நவம்பர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முத்துப்பேச்சி ஒரு தாளை உயர்த்திக் காட்டி, "ஏத்தா, அடுத்த வருசம் நமக்கெல்லாம் கொண்டாட்டம்டீ! மூணு நாளு விரதம் இருந்தா போதுமாம்!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "மேல திருதியைன்னு போட்டிருக்கு, கீழ சூரசம்ஹாரம்னு போட்டிருக்கு. சூரன் அவசரமா எங்கயோ போறானாக்கும்" என்றாள் இன்னொருத்தி.

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். பதினைந்தாம் தேதித் தாளை எடுத்தேன். அதில் சஷ்டி திதி சரியாக இருந்தது. அதன் கீழே ஒன்றும் இல்லை, வெறுமை.

மூன்று நாளாக நானே விரதம். அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பவள்.

"அடுக்குறத நிறுத்துங்க" என்றேன். நான் சொன்ன விதத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

மிஷின் சுவரிலிருந்து ஓகே தாளை எடுத்தேன். நாலு கையெழுத்தும் வரிசையாக, கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பெயர் போல இருந்தன. மூன்று பேரையும் கூப்பிட்டேன்.

பெனிட்டா அழுதுவிட்டாள். "அந்த வரிய நகத்தும்போது கட்டம் மாறியிருக்குக்கா. எனக்கப்புறம் வாத்தியார் பாப்பாருன்னு…"

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார். "நான் எழுத்துப்பிழை பார்த்தேன். ஒரு எழுத்து தப்பில்லை, பாருங்க. விரத நாளெல்லாம் நீங்க பார்ப்பீங்கன்னு விட்டுட்டேன். உங்களுக்குத் தெரியாததா?"

"நான் கலர் பாத்தேன்" என்றான் கொம்பையா. "நாலு பேரு பாக்காகன்னு ஆனபொறவு எழுத்தெல்லாம் நான் எதுக்கு வாசிக்கணும்? சம்பந்தம் சார் இருந்தப்ப அவரு ஒழுங்கா பாக்க மாட்டாருன்னு நானே ஒவ்வொரு தேதியா பாப்பேன்."

இந்த வரியை எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவன் சொன்னான், எழுதுகிறேன்.

மற்றவர்கள் போன பிறகு கொம்பையா கிட்டே வந்தான். "அக்கா, பழிய வாத்தியார் பேர்ல போட்ருவோம். அவரு எப்படியும் பொங்கலோட நிக்கப் போறாரு. அவரு பாக்க வேண்டியதுதான இது?"

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. ஒரு தம்ளர் பால் குடிக்கும் நேரம் அதை யோசித்தேன்.

பிறகு முதலாளி அறைக்குப் போனேன். தாளை மேஜைமேல் விரித்துத் தப்பைக் காட்டினேன்.

"நாலு பேரு கையெழுத்து போட்டிருக்கீங்க, ஒருத்தர் கண்ணுலயுமா படல?"

"என் கண்ணுல பட்டுச்சு."

நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கே பாத்தேன் தம்பி. என்னமோ இடிக்கேன்னு நினைச்சேன். பாத்துட்டுத்தான் போட்டேன்."

"பின்ன ஏன் சொல்லல?"

"நான் அஞ்சாங்கிளாஸ்."

"சூரசம்ஹாரத்துக்கு எத்தனாங்கிளாஸ் படிக்கணும்?" என்று கத்தினார். குப்பைக் கூடையை எட்டி உதைத்தார். கண்ணாடிக்கு வெளியே எல்லோரும் குனிந்துகொண்டார்கள். "எத்தனை அடுக்கியாச்சு?"

"அறுபதாயிரத்துல எட்டாயிரம் தகடு அடிச்சு முடிஞ்சிருச்சு. மத்தது அடுக்குல இருக்கு."

"அந்த எட்டாயிரம் யாருக்கு?"

"திருச்செந்தூர் பாத்திரக்கடைக்கு."

அவர் நாற்காலியில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டார். சூரசம்ஹாரம் நடக்கிற ஊருக்கே தேதி தப்பான காலண்டர். இத்தோடு முடிந்தது, பைண்டிங்குக்குப் போகச் சொல்லப் போகிறார் என்று நின்றேன். வெளியே போ என்றாலும் சரி என்றுதான் நின்றேன்.

முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் கேட்டார்: "இப்ப என்னக்கா பண்றது?"

நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. ரெண்டே ரெண்டு நாள் தாள்தான் தப்பு. பன்னிரண்டும் பதினைந்தும். அதை மட்டும் புதிதாக அடிப்போம், ஒரு ஷிப்டில் முடியும். அடுக்கில் இருப்பதில் பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். தகடு அடித்ததில் தாளைக் கிழிக்கக் கூடாது, கிழித்தால் பக்கத்துத் தாள்கள் தளர்ந்துவிடும். தகட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை விட்டுப் பிளேடால் வெட்டி, அந்த மிச்சத்தில் புதுத் தாளை ஒட்ட வேண்டும். நாற்பது பெண்கள், மூன்று நாள்.

சொல்லி முடித்துப் பார்த்தால் அவர் எழுதிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை, முதலாளி, எழுதிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 25

காலையில் பாத்திரக்கடைக்கு நானே போன் போட்டேன். வேறு யாரையும் பேச விடவில்லை.

"மேனேஜர்கிட்ட குடும்மா" என்றார் கடைக்காரர்.

"நாந்தான் மேனேஜர், அண்ணாச்சி. சரக்கு மூணு நாளு தாமதம். நவம்பர் மாசத்துல ஒரு தேதி தப்பாப் போச்சு. தப்பு எங்களோடது. திருத்தி அனுப்புதேன்."

"என்ன தேதி?"

சொன்னேன். "அம்மா, இது மட்டும் எங்க ஊருக்கு வந்திருந்துச்சு, கடல்ல கரைச்சிருப்பாங்க, காலண்டர இல்ல, என்னைய." பிறகு, "முன்னாடியே சொன்னீங்களே. அனுப்புங்க" என்றார்.

போனை வைத்துவிட்டு மிஷின் கூடத்துக்குப் போனேன்.

புதிய தாளின் ஓகே பார்க்கக் கொம்பையா மூன்று பேரையும் கூப்பிடப் போனான். வேண்டாம் என்றேன். தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், இரண்டு நாள் தாளையும் ஒவ்வொரு வரியாகச் சத்தம் போட்டு வாசித்தேன். கிழமை, தேதி, திதி, நட்சத்திரம், ராகு காலம். ஒரு இடத்தில் புரியாத குறி இருந்தது. "இது என்ன?" என்று பெனிட்டாவைக் கேட்டேன், எல்லோர் முன்னாலும். சொன்னாள். பிறகு நான் மட்டும் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 27

சூரசம்ஹாரம். சாயங்காலம் ஐந்தேகாலுக்குக் கடைசிக் காலண்டரில் கடைசித் தாளை ஒட்டினோம். பதினேழு பேர் ஆறு நாள் பட்டினியோடு பிளேடும் பசையுமாக உட்கார்ந்திருந்தோம். ஒருவர் காலண்டரிலும் பக்கத்துத் தாள் தளரவில்லை. முதலாளியின் மனைவி பழச்சாறு கொண்டுவந்து தன் கையால் கொடுத்தார்.

முத்துப்பேச்சி பசைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "நான் வாயத் தொறக்கலன்னா என்ன ஆயிருக்கும்?" என்றாள்.

"நீ என்னைக்கு மூடின?" என்றேன்.

இதற்கு அவள் சிரித்த சிரிப்பு மிஷின் கூடம் வரை கேட்டிருக்கும்.

அக்டோபர் 28

லாரி போய்விட்டது. எட்டாயிரம்.

நவம்பர் 4

மூன்று கையெழுத்து ஒழுங்கை எடுத்துவிட்டேன். அவரவர் வேலையை அவரவர் பார்க்கட்டும். ஓகே தாளில் என் கையெழுத்து மட்டும்தான். காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை. என் விருப்பம்.

நவம்பர் 8

கொம்பையாவின் தாளை இன்று மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். தாள் ஓரத்தில் மை அப்பியிருந்தது.

"சம்பந்தம் சார்கூட இப்படிப் படுத்தல" என்றான்.

"அவரு இப்ப இங்க இல்ல."

நாலாவது தாள் சுத்தமாக வந்தது. கொண்டுவந்து நீட்டும்போது அவன் முகத்தில் கோபம் இல்லை. "இப்பத்தான் வேலை பாத்த மாதிரி இருக்கு" என்றான். இதை முன்னாலேயே செய்தால் என்ன?

நவம்பர் 11

தவசிக்குப் பல் வலி. நான் சமைத்தால் உப்பு, அவர் சமைத்தால் மருந்து. ஓட்டலில் வாங்கினோம்.

நவம்பர் 17

கார்த்திகை ஒன்று.

முதலாளி கூப்பிட்டார். மேஜையில் ஒரு விண்ணப்பம். முகத்தில் நல்ல செய்தி சொல்லும் மகிழ்ச்சி. "சொன்ன மாதிரி ஆள் கிடைச்சிருச்சுக்கா. அச்சுத்துறையில பட்டம், எட்டு வருச அனுபவம். பேரு இன்பசேகர். வர்ற திங்கக்கிழமை சேந்துருவாரு. நீங்க நிம்மதியா பைண்டிங்குக்குப் போலாம். சம்பளம் இதே சம்பளம். ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க."

ஆகஸ்ட் முதல் இந்த நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டேன் என்பது அங்கே நிற்கும்போதுதான் தெரிந்தது. செப்டம்பருக்குப் பிறகு இந்த டைரியில் எண்ணிக்கையே இல்லை.

"வரட்டும் தம்பி" என்றேன். "கலர், கம்ப்யூட்டர் எல்லாம் தெரிஞ்ச ஆளு நமக்கு வேணும். எனக்கு அதெல்லாம் தெரியாது."

"அப்ப சரி."

"எனக்குக் கீழ வரட்டும்."

அவர் என்னையும் விண்ணப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, அவரு மேனேஜர் வேலைக்கு வர்றாரு."

"மேனேஜர் வேலையில ஆளு இருக்கு."

"நீங்கதானக்கா வேண்டாம், கார்த்திகை வரைக்கும்தான்னு…"

"நான் எங்க சொன்னேன்? நீங்க சொன்னீக. நான் தலையாட்டுனேன். இப்ப ஆட்டல."

சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக மிஷின் கூடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்தத் தப்பு நடந்த அன்னைக்கு, உங்களால இனி முடியாதுன்னு நீங்களே வந்து சொல்லப்போறீங்கன்னு நினைச்சேன். அதுக்குத்தான் அவசரமா ஆள் பாத்தேன்" என்றார்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

போனை எடுத்து இன்பசேகரிடம், பொறுப்பு உதவி மேனேஜர் என்றும் சம்பளம் பேசியதுதான் என்றும் சொன்னார். அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ, "நீங்க அவங்ககிட்டதான் சொல்லணும். ஆமா, அவங்க ஓகே பண்ணாத்தான் ஓடும்" என்றார்.

தவசியிடம் சொன்னேன். "அப்ப இந்த ஜென்மத்துல எனக்கு சாயங்காலம் காபி கிடையாது" என்றார். போட்டுக் கொடுத்தேன். இரண்டு தம்ளர் குடித்தார்.

நவம்பர் 24

இன்பசேகர் வந்து சேர்ந்தார். மெலிந்த ஆள். மரியாதையாகப் பேசுகிறார், கொஞ்சம் அதிகமாகவே. வந்த முதல் நாளே, நான் ஒன்பது மணிக்குக் கையெழுத்துப் போட்ட சாமிப் படத் தாளின் முன்னால் போய் நின்றுகொண்டார். ரொம்ப நேரம் நின்றார். கொம்பையாவும் பெண்களும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அம்மன் முகத்துல மஞ்சள் கூடுதலாத் தெரியுது. மஞ்சள் மை அடிக்கிற பிளேட்டு அரை நூல் விலகி உக்காந்திருக்கு" என்றார்.

கூடத்தில் எல்லோரும் கையை நிறுத்தினார்கள். மிஷின் மட்டும் ஓடியது. கொம்பையா என்னைப் பார்த்தான்.

பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிக் குனிந்து பார்த்தேன். அம்மன் உதட்டுக்கு வெளியே மெல்லிய மஞ்சள் கோடு இருந்தது. நான் பார்த்திருக்க வேண்டியது. பார்க்கவில்லை.

"ஆமா" என்றேன், கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "விலகித்தான் இருக்கு. நான் கவனிக்கல. கொம்பையா, மிஷின நிறுத்து."

என் கையெழுத்து இருந்த தாளைச் சுவரிலிருந்து எடுத்து இரண்டாகக் கிழித்துக் கழிவில் போட்டேன். பிளேட்டைச் சரியாக உட்கார வைத்து அடுத்த தாளைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.